பாட்டு எது, இடது கை எது

பியானோவில் உட்கார்ந்து பாட்டு எழுதிப் பாடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வரி நீண்டால் கை காத்திருக்கும். மூச்சு வாங்க வேண்டுமென்றால் பெடலை மிதித்துக்கொண்டு அரை நொடி நிற்கலாம். நடுவில் வரி மறந்துபோனால் இரண்டு கார்டை, அதாவது சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டத்தை, சுற்றிச் சுற்றி வாசித்து, ஞாபகம் வந்ததும் மேலே போகலாம். கேட்கிறவர்கள் அதை இன்டர்லூட் என்று நினைத்துக்கொள்வார்கள். பல வருடங்கள் நான் இப்படித்தான் பாடினேன். இப்போது என்னோடு நாதஸ்வரம், தவில், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். "தனியாப் பாடினப்போ நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு பேண்டு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

மயிலாடுதுறையில் பியானோ வைத்திருப்பது மாடு வைத்திருப்பதைப் போல. ஊருக்குப் போனால்கூட யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய பழைய அப்ரைட். 88 கீ, உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். கம்பிகளின் இழுவையைத் தாங்குவது இரும்புச் சட்டம்தான் என்றாலும், ஒலியைப் பெருக்கித் தருகிற பலகை மரம். மரம் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் பலகை உப்பி ஸ்ருதி மேலே ஏறும், சித்திரை வெயிலில் கீழே இறங்கும். எல்லாம் ஒரே அளவாக ஏறி இறங்கினாலாவது பரவாயில்லை; நடு ஸ்தாயி அதிகமாக நகரும், ஓரங்கள் அவ்வளவாக நகராது. மழைக்காலத்தில் சில கீயை அழுத்தினால் எழுந்து வராது, விரலால் தூக்கிவிட வேண்டும். ஸ்ருதி சேர்க்க சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் வந்துபோன மறுவாரமே புயல் சின்னம் உருவானால் செலவழித்த காசு கடலோடு போயிற்று. எனவே மேடைக்கு டிஜிட்டல் பியானோதான். ஆனால் பாட்டு எழுதுவது மட்டும் இந்தப் பழைய பியானோவில்.

அப்பா சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரிகளின் வழி வந்த லுத்தரன் சபை எங்களுடையது. ஞாயிறு ஆராதனையில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று கீர்த்தனை, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் எழுதியவை போல, ராகம் தாளம் போட்டது. மற்றது ஞானப்பாட்டு; ஜெர்மன் மெட்டு, நான்கு குரல். நான்கு குரலுக்கு ஆள் இருந்தால் இருப்பார்கள், இல்லாவிட்டால் ஆர்கன் வாசிக்கிறவர் இரண்டு கையால் நான்கையும் வாசிக்க வேண்டும். அதில் அடிக்குரல் இடது கையின் பொறுப்பு. "இடது கை நின்னா சபையே நின்னுடும்" என்பார் அப்பா. அப்படிப் பழகிய கை என்னுடையது. வலது கை என்ன செய்தாலும் சரி, இடது கை நிற்கக் கூடாது.

இந்தக் கையோடு என் சொந்தப் பாட்டுக்கு வந்தேன். கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு பாட்டு, மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லைப் பற்றி ஒன்று, கஜா புயலுக்கு அப்புறம் சாய்ந்து கிடந்த தென்னைகளைப் பற்றி ஒன்று, காதல் பாட்டு சில. எல்லாவற்றிலும் இடது கை கீழிருந்து மேலே ஆறு ஆறு சுரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பிள்ளைகளுக்கு கீபோர்டு கிரேடு பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தவில் வித்வானின் பையன் வருவான். பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பாடம் முடிந்து நான் ஏதாவது வாசித்துக்கொண்டிருந்தால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்பார். ஒரு நாள் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், தப்பா நினைச்சுக்கக் கூடாது. உங்க பாட்டு எல்லாம் திஸ்ரத்துலயே போகுதே. வேற நடையே வராதா?"

திஸ்ரம் என்றால் மூன்று மூன்றாகப் போவது. என் இடது கையின் ஆறு சுரம். ஆராய்ந்து பார்க்க ஒன்றுமில்லை, போனில் இருந்த பதிவுகளை வரிசையாகக் கேட்டாலே தெரிந்தது. புயலில் தென்னை விழுந்ததும், காதலன் பஸ் ஏறிப் போனதும், மில் சங்கு நின்றுபோனதும் ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தன. வரி வேறு, ராகம் வேறு. நடக்கிற கால் மட்டும் அதே கால்.

அப்படித்தான் அவரைக் கூப்பிட்டேன். அவர் தன் மச்சானை, நாதஸ்வரக்காரரை, கூட்டிவந்தார். பேஸ் வாசிக்கும் தம்பி தரங்கம்பாடிப் பக்கம். சர்ச்சிலும் லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவிலும் வாசிப்பவன். டிரம்ஸ் தம்பி கும்பகோணம், பொறியியல் முடித்துவிட்டு மேடை மேடையாகப் பேட் வாசித்துக்கொண்டிருந்தவன். தவில் சத்தத்துக்கு வீட்டில் ஒத்திகை நடக்காது, தெருவே எழுந்து வந்துவிடும். மூடிக்கிடக்கும் அதே ரைஸ் மில்லின் சாவியைக் கேட்டு வாங்கினோம். தகரக் கூரை, சுவரெல்லாம் எதிரொலி, மூலையில் இன்னும் உமி வாசனை.

முதல் சில ஒத்திகைகளில் ஒலி குழம்பிக் கிடந்தது. எந்த வாத்தியமும் தனியாகக் கேட்கவில்லை. ஆளாளுக்குச் சத்தத்தைக் கூட்டினோம், இன்னும் மோசமானது. பேஸ் தம்பி பேசாத பையன். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, பேஸையும் நீங்களே வாசிச்சிட்டா நான் எதுக்கு?"

விஷயம் அதுதான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அவன் பெரும்பாலும் நடமாடுகிற இடம் அங்கிருந்து 200 வரை. என் இடது கை ஆக்டேவ் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடமும் அதேதான். அவ்வளவு கீழே இரண்டு வாத்தியம் ஒரே சுரத்தைச் சற்று முன்னே பின்னே தொட்டால், கேட்கிறவர் காதில் அது இரண்டு ஒலியாக விழாது. ஒரு உறுமலாகத்தான் விழும். அதோடு பெடலையும் மிதித்துப் பிடித்திருந்தேன். தனியாக வாசிக்கும்போது பெடல்தான் அறையை நிரப்பும். ஐந்து பேர் நடுவே அதே பெடல் எல்லோர் மேலும் சேற்றை வாரிப் பூசும்.

தீர்வு எளிது, பழகுவதுதான் கஷ்டம். சி மேஜர் செவன்த் என்றால் சி, இ, ஜி, பி. சி-யைத் தம்பி பிடிக்கிறான். ஜி இல்லாவிட்டாலும் காது அதை நிரப்பிக்கொள்ளும். எனக்கு மிச்சம் இ, பி இரண்டுதான். அதையும் நடு ஸ்தாயியில், வலது கைக்குப் பக்கத்தில் தொட்டுவிட்டு எடுத்துவிட வேண்டும். ஜாஸ் பியானோக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஞானப்பாட்டுக் கை கேட்க வேண்டுமே! தானாகக் கீழே போகும். கடைசியில் சில ஒத்திகைகளில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு வலது கையால் மட்டும் வாசித்தேன். டிரம்ஸ் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும்.

கையை எடுத்ததும்தான் பாட்டுகள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தது. தவில் அண்ணன் ஒரு பரீட்சை வைத்தார். பியானோவை மூடிவிட்டு, கையால் தாளம் மட்டும் போட்டு, ஒவ்வொரு பாட்டையும் முழுதாகப் பாடச் சொன்னார். நான் ரொம்பப் பெருமைப்பட்ட காதல் பாட்டு ஒன்று பல்லவியிலேயே தொங்கிப்போனது. அதில் மெட்டு என்று ஒன்று இருக்கவே இல்லை. இரண்டு சுரத்தில் நான் ஏதோ முணுமுணுக்க, அடியில் கார்டுகள் மாறி மாறி அழவைத்துக்கொண்டிருந்தன. கேட்டவர்கள் கண் கலங்கியதெல்லாம் என் இடது கைக்குத்தான். அதற்கு நேர்மாறாக, சாதாரணம் என்று ஒதுக்கி வைத்திருந்த ரைஸ் மில் பாட்டு, வெறும் கைத்தட்டலில் அப்படியே எழுந்து நின்றது. பாட்டுகளைச் சலித்தெடுக்கும் இந்த வேலையைத் தனியாகப் பாடும் எவருக்கும் சிபாரிசு செய்வேன், பேண்டு சேர்க்கிற உத்தேசம் இல்லாவிட்டாலும்.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் ஷட்ஜம் ('ச') எந்த ஸ்ருதியில் நிற்கிறது என்ற கணக்கு. ஒத்திகைக்கு வந்த முதல் நாளே நாதஸ்வரக்காரர் கேட்டார், "எத்தனை கட்டைம்மா?"

"ஜி மேஜர்."

"அது எத்தனை கட்டை?"

"அஞ்சு."

"நம்ம வாத்தியம் ரெண்டரை. நீங்க அஞ்சரையாப் பாடிடுங்க. மத்திம ஸ்ருதியில வாசிச்சிடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் எந்த ஸ்ருதிக்கும் போகலாம். நாதஸ்வரத்தில் அது நடக்காது. அவர் வைத்திருப்பது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி என்கிற நீளமான நாதஸ்வரம். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே நரசிங்கம்பேட்டை வாத்தியம்தான். குழலின் நீளமும் துளைகளின் இடமும் மரத்தில் தீர்மானமாகிவிட்டவை. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றியும் உதட்டை அழுத்தியும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம், அரைக் கட்டை நகர்த்த முடியாது. வாத்தியத்தில் கயிறு கட்டி நான்கைந்து சீவாளி தொங்கவிட்டிருப்பார். மழை நாளில் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்து, தலையை ஆட்டி, இன்னொன்றை எடுத்து வாயில் நனைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் காத்திருப்போம். மரப்பலகையும் புல் தட்டையும் ஈரத்துக்குப் பயப்படுவதில் என் பியானோவும் அவர் வாத்தியமும் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மத்திம ஸ்ருதி என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டரைக் கட்டையின் மத்திமம் அஞ்சரைக் கட்டையில் வந்து விழும். அவர் வாத்தியத்தில் மத்திமமாக இருப்பது எனக்கு ஷட்ஜம். நான் மேஜர் ஸ்கேலில் பாடுவதைச் சங்கராபரணம் என்று வைத்துக்கொண்டால், அவர் விரல் ஓடுவது ஹரிகாம்போஜியில். புன்னாகவராளி, செஞ்சுருட்டி என்று இந்த வழியில் பாடப்படும் ராகங்கள் இருப்பதால் அவருக்கு இது அன்றாட வேலை. எனக்குத்தான் வம்பு. ஜி-யில் ஒரே ஒரு கறுப்பு கீ. அரைக் கட்டை ஏற்றி ஏ ஃப்ளாட் என்றால் நான்கு. டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது, பெரும்பாலான பாட்டுகளுக்கு இன்றைக்கும் அதைத்தான் அழுத்துகிறேன். மேடையில் வீம்பு கூடாது. ஆனால் கடைமடைப் பாட்டை மட்டும் வீட்டுப் பியானோவில், நிஜமான ஏ ஃப்ளாட்டில், முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். பழகிய பள்ளம் எதுவும் அங்கே இல்லாததால் விரல் வேறு இடங்களுக்குப் போனது. அந்தப் பாட்டின் நடுப்பகுதியில் இப்போது வரும் கார்டுகள் ஜி-யில் எனக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது.

இன்னொரு உரசல் பாக்கி இருந்தது. பியானோவின் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. அதனால் காந்தாரம், ச ரி க-வில் வரும் 'க', இயல்பாக இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஒரு அரைசுரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு. தனியாக வாசித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், காது பழகிப்போனது. ஆனால் ஸ்ருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்க, நாதஸ்வரக்காரர் அந்தர காந்தாரத்தில் ஏறி நின்று நீட்டும்போது, அவர் நிற்கிற இடம் சுத்தமான இடம். அதே நேரத்தில் என் கார்டில் இருக்கும் காந்தாரம் பக்கத்தில் நின்று முனகுகிறது. அவர் எதுவும் சொல்லவில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சீவாளியைத் துடைத்தார். பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் இரண்டே பங்குதான். ஆகவே அவர் காந்தாரத்தில் நிற்கிற இடங்களில் நான் ஷட்ஜம், பஞ்சமம் மட்டும் தொடுகிறேன். பேஸ் தம்பி ஷட்ஜத்தை எடுத்துக்கொண்டால் எனக்குப் பஞ்சமம் ஒன்றுதான் மிச்சம். கிரேடு எட்டு முடித்தவள் ஒரு விரலால் ஒரு சுரம் வாசித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று முன்னால் பார்த்தவர்கள் நினைக்கலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "ஓ, ஃப்யூஷனா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எங்கோ தொலைவில் இருந்த இரண்டை இன்றைக்கு நாங்கள் ஒட்டவைத்தது போல ஒரு தொனி அதில் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி தஞ்சாவூரை ஆண்டது 1798 முதல் 1832 வரை. அவர் அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியமும் பேண்டும் இருந்தன. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரம் செய்தார். அவர் தம்பி பாலுசுவாமியும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே இசையை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டது 1917-இல். என் மெட்டை முதல் தடவை கேட்டதும் நாதஸ்வரக்காரர் திகைக்கவெல்லாம் இல்லை. "இங்கிலீஷ் நோட்டுன்னு சொல்லுங்க, வாசிச்சிடலாம்" என்றார். கச்சேரி முடியப்போகிற நேரத்தில் கூட்டத்தை எழுப்பி உட்காரவைக்க வாசிக்கிற அந்த நோட்டு அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் செட்டில் இருக்கிறது. இதில் புதிதாக வந்தவள் நான்தான்.

தாளத்தில் வந்த தகராறு கொஞ்சம் பெரியது.

கடைமடைப் பாட்டில் "எப்ப வரும்" என்று முடிகிற ஒரு வரி இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்தாலும், கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, எங்கள் பக்கத்துக் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் குறுவைக்காரர்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். திறக்காத வருடங்களும் உண்டு. அந்த வரியைப் பாடும்போது அடுத்த வரியை நான் கொஞ்சம் முந்தி எடுத்துவிடுவேன். தனியாகப் பாடினவரை அது உணர்ச்சி. டிரம்ஸ் தம்பி வந்ததும் அது கோளாறு. எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு அந்த வரியில் ஒரு எண்ணிக்கை குறைந்தது. "அக்கா, ஒரு பீட்டை முழுங்கிடறீங்க. 'வரும்'ல கொஞ்சம் நில்லுங்க, சரியாயிடும்" என்றான். நின்று பாடினேன். சரியாகத்தான் இருந்தது. பாட்டுதான் செத்துப்போனது.

தவில் அண்ணன் அதுவரை குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "நிக்காதீங்க டீச்சர். அது ஏழு. அந்த வரி மிஸ்ரத்துல நிக்குது. தகிட தகதிமி." வலது கை விரல்களில் தவிலுக்கான விரல் கூட்டை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். மூன்றும் நான்கும், முடிகிற இடத்தில் அடுத்த வரியின் தலை. நான் எங்கே முந்துகிறேனோ அதே இடம். டிரம்ஸ் தம்பிக்கு ஒப்பவில்லை. "அண்ணே, பாட்டு முழுக்க எட்டு, ஒரு வரி மட்டும் ஏழா? கேக்கறவங்களுக்குக் கால் இடறும்." அவர் சொன்னார், "இடறட்டும்ப்பா. தண்ணி வரலைன்னுதானே பாடுறாங்க."

இந்த விஷயத்தில் நான் தவில் பக்கம் போனேன். டிரம்ஸ் தம்பி ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வரியில் ஹைஹேட்டை, காலால் இயக்கும் ஜோடித் தட்டை, மூடித்திறக்கும் ஒரு வாசிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். இப்போது பாட்டிலேயே அவனுக்குப் பிடித்த இடம் அதுதான், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் எல்லாவற்றிலும் அண்ணன் சொல்வதே சரி என்று ஆகவில்லை. மில் பாட்டில் சரணம் வந்தால் என் வேகம் தானாகக் கூடுகிறது; நிமிஷத்துக்கு 92 பீட்டில் ஆரம்பித்து 100-க்குப் போய்விடுவேன். அதை நடிப்பு, உணர்ச்சி என்றெல்லாம் சொல்ல முடியாது, சும்மா அவசரம். அங்கே டிரம்ஸ் தம்பியின் கிளிக்தான், வேகம் மாறாமல் காதில் தட்டிக்கொண்டே இருக்கும் சத்தம்தான், ஜெயித்தது. மில் இயந்திரம் வேகம் மாறாமல் ஓடும் என்று அவன் சொன்ன காரணமும் நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பாட்டில் கிளிக், எந்தப் பாட்டில் மூச்சு என்பதற்கு விதி ஒன்றும் என்னிடம் இல்லை. பாடிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருந்தபோது டிஜிட்டல் பியானோவைக் காரின் பின்சீட்டில் குறுக்காகப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். வருவது முழுக்க எனக்கு. இப்போது குட்டியானை வாடகை, டீசல், வழியில் ஐந்து பேருக்கு டிபன், பிறகு மிச்சத்தை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். டெல்டாவில் மேடை இசைக்குக் காசு கொடுக்கிறவர்கள் இரண்டே வகை, கோயில் திருவிழாக் கமிட்டியும் கல்யாண வீடும். இருவருக்கும் வேண்டியது சினிமாப் பாட்டு. ரிசப்ஷனில் பத்து சினிமாப் பாட்டுக்கு நடுவே எங்கள் பாட்டு இரண்டை நுழைத்துவிடுவோம். மில் பாட்டை ஒரு மண்டபத்தில் பாடி முடித்ததும் பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து, "இது எந்தப் படம்மா?" என்று கேட்டார். எங்கள் சொந்தப் பாட்டு என்றதும், "அப்படியா, நல்லாருக்கு. அடுத்தது தெரிஞ்ச பாட்டாப் போடுங்க" என்று சொல்லி நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நூறு ரூபாயையும் ஐந்தாகப் பிரித்தோம்.

மேடை ஒலி தனித் தலைவலி. தவிலுக்கு மைக்கே தேவையில்லை, ஆனால் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குத் தவிலைப் பார்த்தால் இரண்டு மைக் வைத்தாக வேண்டும். அது என் குரல் மைக்கிலும் புகுந்து, மானிட்டரில் எனக்குக் கேட்பது தவில் மட்டும். இப்போது தவிலை மேடையின் இடது ஓரத்தில், என் மைக்கின் முதுகுப்பக்கம் வருமாறு உட்காரவைக்கிறோம். மைக்கின் முதுகுப்பக்கத்துக்குக் காது மந்தம், அதனால் பாதி பிரச்சினை தீர்ந்தது. மீதி பாதிக்கு நான் ஒரு காதில் இயர்போன் செருகிக்கொள்கிறேன்.

தேதி கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். தவிலும் நாதஸ்வரமும் முகூர்த்த நாட்களில் கிடைக்கவே மாட்டார்கள். கல்யாணம் இல்லாத மாதம் ஆடியும் மார்கழியும். மார்கழியில் அவர்களுக்கு விடியற்காலைக் கோயில் சேவை, எனக்கும் பேஸ் தம்பிக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுச் சுற்று. ஆடியில் டிரம்ஸ் தம்பியை அம்மன் கோயில்கள் எடுத்துக்கொள்ளும். ஐந்து பேரும் ஒன்றாக உட்காருவதற்கு இந்துப் பஞ்சாங்கம், கிறிஸ்தவ காலண்டர் இரண்டையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாட்டு யாருடையது என்ற பேச்சும் வந்தது. வராமல் இருக்காது. மில் பாட்டின் நடுவே நாதஸ்வரக்காரர் வாசிக்கும் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. நான் "இங்க ஏதாவது வாசிங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். இன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வெளியே முணுமுணுத்துக்கொண்டு போவது அந்த மெட்டைத்தான். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை வலுப்படுத்தினார்கள். அதை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-இலிருந்து இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது யார் பெயரை எழுதுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வாசித்தவர் எல்லாம் இசையமைப்பாளர் ஆகிவிட முடியாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹைஹேட் வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வாசிப்புதான். கைத்தட்டலை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாலும் நிற்பது எதுவோ அதைப் படைப்பு என்று வைத்துக்கொண்டோம். அந்த அளவுகோலில் நாதஸ்வரப் பகுதி நின்றது. அந்தப் பாட்டின் இசையில் அவர் பெயரும் இருக்கிறது. காகிதத்தை நீட்டியபோது, "ஊதுனதுக்குக் கூலி வாங்கியாச்சே, இது எதுக்கு?" என்றார். விளக்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஒத்திகையில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் மாற்றி, இன்னும் நன்றாக வாசித்தார்.

எல்லாப் பாட்டையும் பேண்டுக்குக் கொண்டுபோகவில்லை. கஜா பாட்டு இன்னும் தனிப் பியானோதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல் அது. என் அம்மா வழிச் சொந்தங்கள் அந்தப் பக்கம்தான்; முப்பது நாற்பது வருடத் தென்னைகள் ஒரே ராத்திரியில் போயின. அதைப் பேண்டில் பலவிதமாக முயன்று பார்த்தோம். தவில் அண்ணன் முதல் சரணத்திலேயே குச்சியைக் கீழே வைத்துவிட்டார், "இதுல எனக்கு வேலை இல்லை டீச்சர்" என்று. அந்தப் பாட்டு கைத்தட்டல் பரீட்சையிலும் தேறியது, இப்போது திஸ்ரத்திலும் இல்லை. ஆனால் வரிக்கு வரி வேகம் மாறுகிறது, இரண்டு சரணம் ஒரே மாதிரி போவதில்லை, நான்கு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரத்தான் முடியும். மேடையில் அந்தப் பாட்டு வந்தால் நால்வரும் இறங்கிப் போய் டீ குடிக்கிறார்கள். பரீட்சையில் தொங்கிப்போன காதல் பாட்டை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. கார்டுகள் அப்படியே இருக்கட்டும், புதிதாக மெட்டுப் போடலாம் என்று பேஸ் தம்பி சொல்கிறான். எனக்கு மனமில்லை.

இந்த ஆடியில் மூன்று பாட்டைப் பதிவு செய்யப் போகிறோம். தவிலும் குரலும் ஒரே அறையில் பதிவாக முடியாது, எனவே தவில், பேஸ், டிரம்ஸ் முதலில், நாதஸ்வரம் அடுத்து, குரல் கடைசி. இதற்கிடையில் நாதஸ்வரக்காரருக்கு ஒரு ஆசை வந்திருக்கிறது. மில் பாட்டைத் தன்னிடம் இருக்கும் நாலரைக் கட்டை திமிரி என்கிற குட்டை நாதஸ்வரத்தில் வாசிக்க வேண்டுமாம். மில் சங்கு மாதிரி அதில்தான் கேட்கும் என்கிறார், அது நிஜம். ஆனால் நான் நாலரைக் கட்டையில் பாடினால் மேலே நிம்மதியாக இருக்கிறது, கீழே பஞ்சமத்துக்கு இறங்கினால் வெறும் காற்றுதான் வருகிறது. சரணத்தின் மெட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஆவணி பொறந்துட்டா நாங்க ரெண்டு பேரும் கையில கிடைக்க மாட்டோம் டீச்சர், முகூர்த்தம் வரிசையா இருக்கு" என்று தவில் அண்ணன் முந்தாநாள் போனில் சொன்னார். டிரம்ஸ் தம்பிக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் அம்மன் கோயில். செவ்வாய், புதன் பார்த்து ஸ்டூடியோவில் கேட்டிருக்கிறேன்.